வேலைக்குப் போன ஆள் திரும்பி வரலைன்னா: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

நான் பதினோரு வருஷம் கட்டட சைட்டுகள்ல சேஃப்டி சூப்பர்வைசரா இருந்தவன். இப்ப சாயங்காலம் ஒரு சங்க ஆபீஸ்ல உக்காந்து மனு எழுதிக் குடுக்குறேன். வர்றவங்க கேக்குறது சுத்திச் சுத்தி ஒரே இருபது கேள்விதான், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா டைப் பண்ணி வச்சுட்டேன். நான் வக்கீல் இல்லை, கேஸ்னு போனா வக்கீலைப் பாத்துக்கோங்க.

வேலையில சாகறதுன்னா மெஷின்ல மாட்டிக்கிறதுதானே?

அது ஒரு சின்ன பங்கு. சாரத்துல இருந்து விழறது, ஈரத்தரையில கரண்ட் அடிக்கிறது, பள்ளம் தோண்டும்போது மண் சரியறது, லோடு இறக்கும்போது ரிவர்ஸ் வர்ற லாரி, கேஸ், வெடி, கடல் எல்லாம் இதுலதான் வருது. இதையெல்லாம் கூட்டினாலும் வியாதியில சாகறவங்க எண்ணிக்கைகிட்ட வராது. 2023-ல ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, சொன்ன கணக்குப்படி உலகம் பூரா வருஷத்துக்கு சுமார் 29.3 லட்சம் பேர் வேலையால சாகறாங்க, அதுல விபத்து 3.3 லட்சம்தான், மீதி 26 லட்சம் வியாதி. நுரையீரல்ல தூசி, கெமிக்கலால கேன்சர், ஓயாம நீண்ட நேரம் வேலை பாத்து வர்ற ஹார்ட் அட்டாக், பக்கவாதம். இவங்க பேப்பர்ல வரமாட்டாங்க, ஏன்னா வேலை செஞ்ச இடத்துல சாகறதில்லை, வேலையை விட்டு பத்து வருஷம் கழிச்சு வீட்டுல கட்டில்ல சாகறாங்க.

சரி, நம்ம நாட்டுல வருஷத்துக்கு எத்தனை பேர்? ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க போதும்

அந்த ஒரு நம்பர்தான் இல்லை. ஃபேக்டரியில செத்தா மாநில தொழிலக பாதுகாப்பு இயக்ககத்துக்குப் போகும், அங்கிருந்து ஃபேக்டரி பாதுகாப்பைப் பாத்துக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிஃபாஸ்லிக்குப் போகும். குவாரி, சுரங்கம்னா தன்பாத்ல இருக்கிற டிஜிஎம்எஸ், அதாவது மத்திய சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். சாக்கடை மரணம் சமூக நீதி அமைச்சகம், கடல்னா மீன்வளத்துறை. போலீஸ் கேஸ் எல்லாம் தேசிய குற்ற ஆவணக் காப்பகமான என்சிஆர்பி போடற புத்தகத்துக்குப் போகுது, ஆனா அங்க மின்சாரம் தாக்கி, உயரத்துல இருந்து விழுந்துன்னு எப்படி செத்தாங்கங்கிறதுதான் தலைப்பு, கொத்தனார் சாரத்துல இருந்து விழுந்ததும் வீட்டுக்காரர் தேங்காய் பறிக்க ஏறி விழுந்ததும் ஒரே கட்டத்துல போய் உக்காந்துக்கும்.

டிஜிஃபாஸ்லி கணக்குல 2017-ல இருந்து 2020 வரைக்கும் பதிவான ஃபேக்டரிகள்ல மட்டும் வருஷத்துக்கு சராசரி 1,109 பேர் செத்திருக்காங்க, அதாவது தினம் மூணு பேர். பதிவானங்கிற வார்த்தையை நல்லா பாத்துக்கோங்க. நம்ம நாட்டுல வேலை செய்யறவங்கள்ல பத்துக்கு எட்டு ஒன்பது பேர் அந்த பதிவு, கார்டு, பேரேடு எதுலயும் வராதவங்க.

அமெரிக்காவுலயே வருஷம் அஞ்சாயிரம் பேர் சாகறாங்களாம், நம்மகிட்ட ஆயிரம்தானாம். அப்ப நாம பரவாயில்லைன்னுதானே அர்த்தம்?

இதை ஒரு மேனேஜர் என்கிட்ட சீரியஸாவே கேட்டார். அங்க 2023-ல 5,283 பேர். ஆனா 1992-ல இருந்து அவங்க எண்ணுற முறையே வேற. இறப்புச் சான்றிதழ், போலீஸ் ரிப்போர்ட், இழப்பீட்டு ஃபைல், பேப்பர் செய்தின்னு கிடைக்கிறதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாத்து, தனியா கடை வச்சிருக்கிறவர், விவசாயி, டிரைவர் எல்லாரையும் சேக்குறாங்க. ரோடு விபத்தும் உண்டு, சொல்லப்போனா அதுதான் அங்க பெரிய பங்கு. நாம ஃபேக்டரி கேட்டுக்குள்ள நடந்ததை மட்டும் எண்ணிட்டு கம்மின்னு சொல்றோம்.

பிரிட்டன்ல 2023-24-ல 138 பேர்தான். அதைப் பாத்தும் அப்படியே ஆச்சரியப்பட வேண்டாம், அங்க ரோடு விபத்தை அந்தக் கணக்குல சேக்கறதில்லை. இருந்தாலும் 138 ரொம்ப சின்ன நம்பர், லண்டன் ஒலிம்பிக்குக்கு ஸ்டேடியம், பார்க் எல்லாம் கட்டி முடிச்சப்போ கட்டுமான விபத்துல ஒரு உயிர்கூட போகலை. நம்பரை ஒப்பிடறதுக்கு முன்னாடி யாரை எண்ணினாங்க, யாரை விட்டாங்கன்னு கேளுங்க.

ஆள் செத்துட்டார்னு போன் வந்ததும் முதல்ல என்ன பண்ணணும்?

அழுதுக்கிட்டே இருந்தாலும் குடும்பத்துல ஒருத்தர் மட்டும் பேப்பரைப் பாத்துக்கணும். முதல் நாள் எழுதுறதுதான் கடைசி வரைக்கும் நிக்கும். ஏன் சொல்றேன்னா, நான் இருந்த ஒரு அபார்ட்மெண்ட் சைட்ல ஏழாவது மாடியில டக்ட்டுக்குன்னு, அதாவது பைப் இறங்கற வழிக்குன்னு, விட்ட ஓட்டை மேல பிளைவுட் ஒண்ணு சும்மா போட்டிருந்தாங்க. ஆணி அடிக்கலை, பெயிண்ட்ல குறுக்கு போடலை. ஒரு ஹெல்பர் தம்பி கீழ ஷட்டரிங்குக்கு ஷீட் வேணும்னு அந்த பிளைவுட்டை ரெண்டு கையால தூக்கி நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு ஒரு அடி முன்னாடி வச்சான். ஷீட் மறைச்சதுல கீழ தரை இல்லைன்னு அவனுக்குத் தெரியலை. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல என்ன எழுதினாங்கன்னா "தவறி விழுந்தார்". எங்க, எந்த வேலையில, யாரோட சைட்ல, ஒண்ணுமே இல்லை. கொண்டு போன சூப்பர்வைசர் சொன்னதை அப்படியே எழுதிட்டாங்க.

அதனால ஆஸ்பத்திரி கவுண்டர்லயே "வேலை செய்யும்போது, இன்ன சைட்ல, இன்ன மாடியில"ன்னு சொல்லி எழுத வைங்க. போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், அறுக்காதீங்கன்னு கெஞ்சுற குடும்பங்களை நான் பாத்திருக்கேன், மனசு புரியுது, ஆனா அந்த ரிப்போர்ட் இல்லைன்னா அப்புறம் எதை வச்சு பேசுறது. இடத்தைக் கழுவுறதுக்கு முன்னாடி ரெண்டு போட்டோ, கூட வேலை செஞ்ச ரெண்டு பேரோட போன் நம்பர், அட்டெண்டன்ஸ் நோட்டுல அன்னைக்குப் பக்கத்தோட போட்டோ, சம்பளம் போட்ட ஜிபே மெசேஜ். வெளிமாநில ஆளுங்களா இருந்தா ரெண்டே நாள்ல சாட்சியை எல்லாம் ரயில் ஏத்திவிட்டுடுவாங்க, நம்பரை உடனே வாங்கிடுங்க.

எஃப்ஐஆர்ல "கால் தவறி விழுந்து இறந்தார்"னு இருக்கு. இதை மாத்த முடியுமா?

எழுதினதை அழிக்க முடியாது, ஆனா கூடுதலா வாக்குமூலம் குடுக்கலாம். பெரும்பாலும் போலீஸ் பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்ற நடைமுறைச் சட்டத்துல 194-வது பிரிவுல போடுவாங்க, பழைய சட்டத்துல 174, அது எப்படி இறந்தார்னு விசாரிக்கிறதுக்கு மட்டும். கவனக்குறைவால மரணம்னா பிஎன்எஸ்ங்கிற புது தண்டனைச் சட்டத்துல 106-வது பிரிவு, பழைய ஐபிசி 304ஏ, இதுல அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. தடுப்பு இல்லை, லைட் இல்லை, பெல்ட் மாட்ட இடம் இல்லைன்னு குறிப்பா எழுதி ஸ்டேஷன்ல குடுத்து ரசீது வாங்குங்க. நகலை லேபர் ஆபீஸுக்கும், ஃபேக்டரியா இருந்தா தொழிற்சாலை ஆய்வாளருக்கும் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. கால் தவறிச்சுன்னே வச்சுக்குவோம், தவறின கால் ஏன் ஏழு மாடி கீழ போச்சுங்கிறதுதானே கேள்வி.

இழப்பீடு வாங்க கம்பெனி தப்பு பண்ணுச்சுன்னு நிரூபிக்கவே வேண்டாம், அது வேற. வேலையில இருக்கும்போது, வேலை காரணமா நடந்துச்சுன்னு காட்டினா போதும்.

வீட்டுக்கு எவ்வளவு வரும்?

2025 நவம்பர் 21-க்கு முன்னாடி நடந்ததுக்கு 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம்தான் அடிப்படை, அதுக்கு அப்புறம் நடந்ததுக்குப் புது சட்டம், அதைக் கடைசிப் பக்கம் சொல்லியிருக்கேன். மாசச் சம்பளத்துல பாதி, அதை வயசுக்குன்னு போட்டிருக்கிற ஒரு எண்ணால பெருக்கணும். 30 வயசுக்கு 207.98, 40 வயசுக்கு 184.17. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைக்கும்தான் எடுப்பாங்க, அது 2020 ஜனவரியில இருந்து, அதுக்கு முன்னாடி 8,000-ஆ இருந்துச்சு. ஆக 30 வயசுக்காரர் மாசம் 22,000 வாங்கியிருந்தாலும் 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். நாப்பது வயசுன்னா 13,81,275.

ஒரு மாசத்துக்குள்ள கட்டலைன்னா 12 சதவீதம் வட்டி, காரணமே இல்லாம இழுத்தடிச்சா அதுக்கு மேல பாதி வரைக்கும் அபராதம். ரெண்டு வருஷத்துக்குள்ள தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர்கிட்ட மனு போட்டுடணும். சென்னையில செத்தாலும் தென்காசியில இருக்கிற மனைவி தென்காசி பக்கமே போடலாம், இது நிறைய பேருக்குத் தெரியாது, பஸ் செலவுக்கே பயந்து விட்டுடறாங்க. கட்டுமானத் தொழிலாளின்னா நலவாரியத்துல தனியா விபத்து உதவி இருக்கு, தொகையை அப்பப்ப மாத்துறாங்க, விண்ணப்பிக்கிற அன்னைக்கு கேட்டுக்கோங்க. அதை வாங்கினா இதை வாங்கக் கூடாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிச்சாங்க, அப்ப இந்தப் பணமும் வருமா?

வராது, ரெண்டுல ஒண்ணுதான். மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் இருந்து இஎஸ்ஐ-ல சேர்ந்திருந்தா, வேலை விபத்துல இறந்தவர் குடும்பத்துக்கு சம்பளத்துல 90 சதவீதம் அளவுக்கு மாசாமாசம் பென்ஷன் மாதிரி பிரிச்சுக் குடுப்பாங்க. மொத்தமா பதினஞ்சு லட்சம் பெருசா தெரியும், ஆனா சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு மாசாமாசம் வர்றது எவ்வளவோ மேல், யாரும் கடன் கேட்டு வந்து நிக்கமாட்டாங்க. இத்தனை மாசம் கட்டியிருக்கணும்னு கணக்கும் இல்லை, வேலைக்கு சேர்ந்த முதல் நாளே நடந்தாலும் உண்டு.

ஆளைக் கூட்டிட்டுப் போனது காண்ட்ராக்டர். அவர் போனை ஆஃப் பண்ணிட்டார். கம்பெனிக்காரங்க "எங்க ஆளே இல்லை"ங்கறாங்க

எல்லா இடத்துலயும் இதே வசனம்தான். அந்த 1923 சட்டத்துல 12-வது பிரிவு இதுக்குன்னே இருக்கு, யாரோட வேலை நடந்துச்சோ அவங்கதான் முதல்ல கட்டணும், அப்புறம் காண்ட்ராக்டர்கிட்ட அவங்க வசூல் பண்ணிக்கட்டும். நீங்க மேஸ்திரியைத் தேடி ஊர் ஊரா அலைய வேண்டாம். மனுவுல ரெண்டு பேரையும் எதிர்மனுதாரரா போட்டுடுங்க.

குடிச்சிருந்தானாம், ஹெல்மெட்டும் போடலையாம், அதனால ஒண்ணும் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்களே

காயம்னா அந்த வாதத்துக்கு இடம் உண்டு. இறந்துட்டார்னா இல்லை. குடிபோதை, வேணும்னே விதியை மீறினது, பாதுகாப்புக் கருவியைக் கழட்டினது, இந்த மூணு சாக்கும் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் செல்லாதுன்னு அதே சட்டத்தோட மூணாவது பிரிவுலயே எழுதியிருக்கு. நான் இதைப் படிச்சுக் காட்டினப்போ ஒரு அம்மா ரெண்டு தடவை திருப்பிப் படிக்கச் சொன்னாங்க. அவங்க புருஷன் குடிக்கவே மாட்டாராம், அதை எழுதினவங்க மேலதான் அவங்களுக்கு ஆத்திரம்.

ரெண்டு லட்சம் குடுத்து ஸ்டாம்ப் பேப்பர்ல "இனி எந்த பாத்தியதையும் இல்லை"ன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. முடிஞ்சுதா?

முடியலை. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையர்கிட்டதான் டெபாசிட் பண்ணணும், கையில நேரடியா குடுத்தது இழப்பீடாவே கணக்காகாது, கொஞ்சம் முன்பணத்தைத் தவிர. சட்டம் குடுக்கிற உரிமையை வேண்டாம்னு எழுதிக் குடுத்தாலும் அந்தப் பேப்பர் செல்லாது. பாடியை ஊருக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்றோம்னு சொல்லி, வண்டி கிளம்பற நேரத்துல கையெழுத்து வாங்குறது வழக்கமா போச்சு. வண்டி கிளம்பணும்னா போடுங்க, போட்டுட்டு வந்து மனு எழுதுங்க. போடறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரை ஒரு போட்டோ.

ஹெல்மெட், பெல்ட், ஷூ எல்லாம் குடுத்தாச்சு. அதுக்கு மேல ஒரு கம்பெனி என்னதான் பண்ணும்?

ஹெல்மெட் கடைசியா வர்றது. ஏழாவது மாடி டக்ட்ல விழுந்தவன் தலையில ஹெல்மெட் இருந்துச்சு, நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட். முதல்ல ஆபத்தையே இல்லாம பண்ண முடியுமான்னு பாக்கணும், டக்ட்டுக்கு குறுக்க கம்பியை வெட்டாம அப்படியே விட்டு வார்த்தா ஓட்டையே ஆளை விழுங்காது, பைப் போடற அன்னைக்கு வெட்டிக்கலாம். அது முடியலைன்னா கைப்பிடி, ஆணி அடிச்ச மூடி. அப்புறம்தான் போர்டு, பயிற்சி. எல்லாத்துக்கும் அப்புறம் பெல்ட். அந்த பெல்ட்டுலயும் பாருங்க, எல்லாரும் இடுப்புல கட்டியிருப்பாங்க, ஹூக்கு தொங்கிக்கிட்டே இருக்கும், அதை மாட்ட லைஃப்லைன் கயிறு இருக்காது. போட்டோவுக்கு அழகா இருக்கும்.

மில்லுல, ஃபேக்டரியிலன்னா பூட்டு. ரிப்பேர் பண்றவர் மெயினை ஆஃப் பண்ணி, அதுல தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்ல வச்சுக்கிட்டுதான் கையை உள்ள விடணும். நூறு ரூபா பூட்டுதான். ஸ்விட்ச்ல "ஆள் வேலை செய்கிறார்"னு அட்டை மட்டும் மாட்டினா, ஷிஃப்ட் மாறி வர்றவர் அட்டை கீழ விழுந்திருக்கிறதைப் பாக்காம போட்டுவிடுவார். சைட் கரண்டுக்கு 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகிற பிரேக்கர், அதை மழைக்காலத்துல அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு பைபாஸ் பண்ணி வச்சிருக்கிற புண்ணியவான்களும் இருக்காங்க. அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னா எங்கயோ லீக் ஆகுதுன்னு அது கத்திச் சொல்லுதுய்யா.

செப்டிக் டேங்க்ல ஏன் எப்பவும் ரெண்டு பேர், மூணு பேர்னு சேர்ந்தே சாகறாங்க?

ஏன்னா இறங்கினவர் சத்தமே போடாம மயங்கிடுவார். மேல நிக்கிறவருக்கு வழுக்கி விழுந்த மாதிரி தெரியும், தூக்கிவிடலாம்னு இறங்குவார், அவரும் போவார், அப்புறம் தம்பி, மச்சான், வீட்டுக்காரரோட மகன். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அளவு 100 பிபிஎம் பக்கம் போனா மூக்கே செத்துடும், நாத்தம் நின்னுடும். நாத்தம் போச்சு, கேஸ் போயிடுச்சுன்னு நினைச்சு இறங்குறாங்க. இன்னொண்ணு, மேல இருந்து பாக்கும்போது சாதுவா இருக்கும், உள்ள போய் கசடைக் கிளறினதும்தான் அடைபட்டிருந்ததெல்லாம் குபுக்குன்னு கிளம்பும். தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பாக்குறதும் ஆபத்து, மீத்தேன் இருந்தா பத்திக்கும்.

மனுஷன் கையால கழிவு அள்ளுறதைத் தடுக்கிற 2013-ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாப்பில்லாம ஆளை இறக்குறதே குத்தம், முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை ஜெயில். என் வீட்டு டேங்க், என் இஷ்டம்னு வீட்டுக்காரர் சொல்ல முடியாது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, 2023 அக்டோபர்ல 30 லட்சமா ஆச்சு. இருந்தும் சாக்கடை மரணப் பட்டியல்ல தமிழ்நாடு எப்பவும் மேலதான் இருக்கு, இறங்க வைக்கப்படறவங்க எந்த சாதின்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 14420-க்கு போன் பண்ணா கழிவு உறிஞ்சுற லாரி வரும், ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிக்கத்தான் இதெல்லாம். யாராவது உள்ள விழுந்துட்டா இறங்காதீங்க, மூடியை முழுசா திறந்து, ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்க, காத்து அடிக்க முடிஞ்சா அடிங்க. பெத்த பிள்ளையே உள்ள கிடந்தாலும் இதேதான், சொல்றப்பவே எனக்கு வயித்தைப் பிசையுது.

சிவகாசிப் பக்கம் வருஷா வருஷம் வெடிக்குதே, அது தலையெழுத்தா?

தலையெழுத்து இல்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில 38 பேர், 2021 பிப்ரவரி அச்சங்குளத்துல இருபது பேருக்கு மேல, 2023 அக்டோபர் 17 ஒரே நாள்ல ரெண்டு இடம். ஒவ்வொண்ணுக்கும் பேப்பர்ல "உராய்வு காரணமாக"ன்னு ஒரே வரி வரும். உராய்வு வெடிக்க வச்சது நிஜம், ஆனா அத்தனை பேர் ஏன் அந்த ரூம் பக்கத்துல இருந்தாங்க? ஒரு அறைக்கு நாலு பேர், இவ்வளவு மருந்துதான், அறைக்கு அறை இவ்வளவு தூரம்னு விதி இருக்கு. உரிமம் வாங்கினவர் ஷெட் ஷெட்டா உள்குத்தகைக்கு விட்டுடறார், எடுத்தவருக்கு தீபாவளிக்குள்ள போட்டதை எடுக்கணும், அதனால நாலு பேர் ரூம்ல பத்து பேர், மரத்தடியில மணிமருந்து (உருண்டையா பிடிச்ச வெடிமருந்து) காயுது, மிஞ்சின கலவையை அன்னைக்கே அழிக்காம ராத்திரி வச்சிருந்து காலையில கை வைக்கிறாங்க. அலுமினியப் பவுடர் கலந்த மருந்து ஈரம் பட்டா தன்னால சூடாகும், அதை நேத்துல இருந்து வச்சிருந்தா என்ன ஆகும்.

முதலிப்பட்டியில செத்தவங்கள்ல நிறைய பேர் அந்த ஆலைத் தொழிலாளியே இல்லை, முதல் வெடி கேட்டு ஓடி வந்த சுத்துப்பட்டு ஆளுங்க. செப்டிக் டேங்க் கதையேதான். அவங்க எந்தக் கணக்குல வர்றாங்கன்னு நான் பல தடவை யோசிச்சிருக்கேன், தொழிலாளி இல்லாததால தொழிலாளர் சட்டத்துல இடம் இல்லை.

ராத்திரி கம்பெனி ரூம்ல தூங்கும்போது நடந்தா? வேலை நேரம் இல்லையே

ராணிப்பேட்டையில 2015 ஜனவரி கடைசி நாள், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தோட கசடுத் தொட்டிச் சுவர் ராத்திரியில உடைஞ்சு, பக்கத்து தோல் ஃபேக்டரியில தூங்கிக்கிட்டிருந்த 10 பேர் அந்தச் சேத்துலயே மூச்சு முட்டி செத்தாங்க, பெரும்பாலும் மேற்கு வங்கப் பசங்க. அவங்க அங்க தூங்கினது வேலை அங்க இருந்ததாலதான். முதலாளி குடுத்த இடத்துல, வேலைக்காகவே தங்கியிருந்தா, வேலையோட தொடர்பு இருக்குன்னு வாதாட நல்ல இடம் இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சுதான்னு மட்டும் பாத்து விட்டுடாதீங்க.

வேலைக்குப் போற வழியில வண்டி மோதிடுச்சு, இது சேருமா?

இஎஸ்ஐ-ல 2010-ல இருந்தே சேரும். 1923 சட்டத்துல முன்னாடி சண்டையாவே இருந்துச்சு, 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட் ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன் கேஸ்ல, நேரம், இடம், வேலை இதுக்கெல்லாம் தொடர்பு இருந்தா வழியில நடந்ததும் சேரும்னு சொல்லிடுச்சு. டெலிவரி தம்பிங்க, டிரைவருங்களுக்கு ரெண்டு கதவு இருக்கு, மோட்டார் வாகன தீர்ப்பாயம் ஒண்ணு, இழப்பீட்டு ஆணையர் ஒண்ணு. ஒரே விபத்துக்கு ரெண்டுலயும் போக முடியாது. எதிர் வண்டி மேல தப்பு இருந்து இன்ஷூரன்ஸும் இருந்தா தீர்ப்பாயத்துல பெரும்பாலும் அதிகம் வரும், ஏன்னா அங்க 15,000 உச்சவரம்பு கிடையாது. தப்பே நம்ம ஆள் மேலன்னா ஆணையர் பக்கம் போங்க.

வேலை இடத்துலயே ஹார்ட் அட்டாக். இது விபத்தா, விதியா?

இங்கதான் வக்கீலுங்களே தடுமாறுவாங்க. வேலை இடத்துல நடந்துச்சுங்கிறது மட்டும் போதாது, வேலையோட அழுத்தம் அதைத் தூண்டுச்சுன்னு காட்டணும். 2006-ல லாரி கிளீனர் ஒருத்தர் கேஸ்ல அப்படி ஒரு ஆதாரமும் இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் தள்ளிடுச்சு. 2012-ல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல லாரி ஓட்டிட்டுப் போன டிரைவர் வழியில வண்டியை ஓரம் கட்டிட்டு செத்த கேஸ்ல இழப்பீடு குடுன்னுச்சு. அதனால கடைசி ஒரு வாரம் எத்தனை மணி நேரம் வேலை, டபுள் ஷிஃப்டா, வெயில்லயா, லீவு கேட்டு மறுத்தாங்களா, இதுக்கெல்லாம் ஆதாரம் தேடுங்க. வாட்ஸ்அப் மெசேஜ்தான் இதுல பெரிய சாட்சி.

கல்லு உடைக்கிற கிரஷர்ல இருபது வருஷம். டிபின்னு சொல்லித்தான் மருந்து குடுத்தாங்க, செத்துட்டார்

சிலிகோசிஸ்க்கும் டிபிக்கும் எக்ஸ்ரேயில குழப்பம் வரும், சிலிக்கா தூசி இருக்கிற நுரையீரல்ல டிபி சுலபமா வந்து ஒட்டிக்கவும் செய்யும். டாக்டர் "என்ன வேலை பாத்தீங்க"ன்னு கேக்காததால ஒரு மரணம் கணக்குல இருந்து கழண்டுடுது. சிலிகோசிஸ் தொழில்சார்ந்த நோய்னு சட்டத்துலயே பட்டியல் போட்டிருக்கு, இழப்பீடு உண்டு. உயிரோட இருக்கும்போதே பழைய எக்ஸ்ரே, ஓபி சீட்டு, எந்த கிரஷர்ல எத்தனை வருஷம்ங்கிற விவரம் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வைங்க. தண்ணி தெளிச்சு உடைச்சா தூசி பாதி அடங்கும், இதுக்கு கம்ப்யூட்டர் எல்லாம் தேவையில்லை.

கடலுக்குப் போன ஆள் திரும்பலை, பாடியும் கிடைக்கலை. செத்ததாவே ஒத்துக்க மாட்டேங்கறாங்க

பொதுவா ஏழு வருஷம் தகவலே இல்லைன்னாதான் இறந்ததா எடுத்துக்குவாங்க. 2017 ஒக்கி புயல்ல குமரி மாவட்டத்துல காணாமப் போனவங்களுக்கு அந்த ஏழு வருஷத்தைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் அரசு குடுத்துச்சு. அப்படி முன்னாடியே நடந்திருக்குன்னு மனுவுல எழுதுங்க. போட்டு கிளம்பின டோக்கன், கூடப் போனவங்க வாக்குமூலம், மீன்வளத்துறைக்கு குடுத்த புகார், தேதியோட வேணும்.

புது சட்டம் வந்துருச்சாமே, நீங்க சொன்னதெல்லாம் செல்லாதா?

2025 நவம்பர் 21-ல இருந்து பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேத்துப் போட்ட நாலு தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்தாச்சு. அதுக்கு முன்னாடி நடந்த விபத்து பழைய சட்டத்துலயே ஓடும். இழப்பீட்டுக் கணக்கு புதுசுலயும் அதே அச்சுதான், வழியில நடக்கிற விபத்தை எழுத்துலயே சேத்துட்டாங்க. மரணத்துக்கு காரணமான விதிமீறலுக்கு ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா அஞ்சு லட்சத்துக்குக் குறையாத அபராதம், இல்லை ரெண்டும். அந்த அபராதத்துல பாதிக்குக் குறையாம குடும்பத்துக்குக் குடுன்னு கோர்ட் சொல்லலாம், இது நல்ல விஷயம். எனக்குப் பிடிக்காதது, மின்சாரம் வச்சு ஓடற இடத்துல பத்து பேர் இருந்தா ஃபேக்டரின்னு இருந்ததை இருபது பேராக்கினது. பத்தொன்பது பேர் வேலை செய்யற பட்டறையிலயும் அதே பிரஸ் மெஷின்தானே ஓடுது.

எங்க கேட்ல "விபத்தில்லா 412 நாட்கள்"னு போர்டு இருக்கு. ஒண்ணும் ஆகாததை, நூலிழையில தப்பிச்சதை எல்லாம் எழுதணுமா?

அந்த போர்டு மேல எனக்கு நம்பிக்கை கிடையாது. நாளுக்கு போனஸ் வச்சா அடிபட்டவனை டெம்போல ஏத்தி தனியார் கிளினிக்குக்குக் கொண்டு போய் "வீட்டுல விழுந்துட்டார்"னு எழுதிடுவாங்க, நான் பாத்திருக்கேன். சட்டப்படி ஃபேக்டரியில அடிபட்டு 48 மணி நேரம் வேலைக்கு வர முடியலைன்னாலே தெரிவிக்கணும், ஆள் அடிபடாத சில பெரிய சம்பவங்களையும் தெரிவிக்கணும். அதுக்குக் கீழ இருக்கிற சின்னதுங்களுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு போதும், தேதி, இடம், என்ன நடந்துச்சு, சரி பண்ணது யாரு.

மேல சொன்ன டக்ட் கதையில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்தத் தம்பி விழறதுக்கு நாலு நாள் முன்னாடி அதே பிளைவுட் ஓரத்துல ஒரு சித்தாள் அக்காவோட கால் முட்டி வரைக்கும் உள்ள போயிருக்கு. டீக்கடையில வச்சு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, "சேலை கிழிஞ்சது கூலியில கழிச்சுக்குவீங்களாண்ணே"ன்னு. நானும் சிரிச்சேன், டீக்கு காசு குடுத்துட்டு நாலாவது மாடி காங்கிரீட்டைப் பாக்கப் போயிட்டேன். நோட்டு என் சட்டைப் பாக்கெட்லதான் இருந்துச்சு.